நோர்வேயின் பெர்ரிச் சாறு மார்கழி வரை கெடாமல் நிற்பது எப்படி?

நான் நோர்வேக்கு வந்த இரண்டாவது வருடம். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு வாளி நிறையப் பழங்களோடு வாசலில் நின்றார். சுண்டங்காய் அளவு, கரிய நிறம், நசித்தால் விரலில் ஊதாக் கறை. வாயில் போட்டால் முதலில் புளிப்பு, அப்புறம் துவர்ப்பு, கடைசியில்தான் கொஞ்சம் இனிப்பு. "சூல்பேர்" என்றார். கடைகளில் பிளாக்கரண்ட் என்ற பெயரில் நாம் அறிந்த பழம். தோட்டத்தில் ஐந்து செடி நிற்கிறது, தன்னால் முழுவதையும் முடிக்க இயலாது, நீ எடுத்து 'சஃப்ட்' போடு என்று சொல்லி வாளியை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு செய்முறையைத் தேடி எடுத்துப் போட்டேன். அதில் சொல்லியிருந்த சீனி மிக அதிகமாகத் தோன்றியது, பாதியாகக் குறைத்தேன். சாறு நன்றாக ஆறிய பிறகு, கழுவிக் காயவைத்த போத்தல்களில் ஊற்றி மூடி, நிலவறையில் அடுக்கினேன். ஒக்டோபரில் ஓர் இரவு கீழேயிருந்து வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு போத்தல்கள் உடைந்து சுவர் முழுக்க ஊதா நிறம். மற்றவற்றின் மூடியைத் திறந்தால் சோடாவைப் போலச் சீறின. ஒன்றிரண்டில் மேலே சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒரு வாளிப் பழமும் ஒரு முழு நாள் வேலையும் போய்விட்டன. மூதாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சீனியைக் குறைத்தாய், சரி. அதற்குப் பதிலாக எதை நம்பினாய்?"

பழச்சாற்றைப் பாதுகாத்து வைப்பது என்ற விஷயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. செய்முறைகள் நூறு கிடைக்கும். ஒன்று கிலோவுக்கு 300 கிராம் சீனி என்கும், இன்னொன்று 600 என்கும், மூன்றாவது சீனியே வேண்டாம் என்கும். மூன்றுமே சரியாக இருக்கலாம், ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு காவலை நம்புகின்றன. எந்தக் காவலை நம்புகிறோம் என்று தெரிந்தால் எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

சஃப்ட் என்றால் என்ன?

நோர்வேயிலும் சுவீடனிலும் சஃப்ட் என்பது இனிப்பூட்டிய கெட்டியான பழச்சாறு. அப்படியே குடிப்பதில்லை. நன்னாரி சர்பத்தை எப்படித் தண்ணீரில் கலப்போமோ, அப்படி ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் விட்டுக் குடிப்பார்கள். கோடையில் குளிர்ந்த தண்ணீர், குளிர்காலத்தில் கொதிக்கக் காய்ச்சிய தண்ணீர். பின்லாந்தில் இதையே மெஹு என்கிறார்கள். அங்கே பனிச்சறுக்குப் போகிறவர்களின் பிளாஸ்கில் சூடான பிளாக்கரண்ட் மெஹு இருக்கும். நோர்வேயில் அந்தச் சூடான பானத்துக்கு சூல்பேர் டொடி என்று பெயர். தூளாகப் பொட்டலத்திலும் விற்கிறார்கள். ஆனால் வீட்டில் போட்ட சஃப்டில் வரும் மணம் தூளில் வராது.

இது ஏன் இங்கே இவ்வளவு முக்கியமானது என்பதை ஒரு மார்கழி மாதம் இங்கே கழித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் நடுவில் ஒஸ்லோவில் சூரியன் காலை 9 மணிக்குப் பிறகுதான் எழும். பிற்பகல் மூன்றேகாலுக்குள் மறைந்துவிடும். செடிகள் எல்லாம் பனிக்கு அடியில். பழம் என்று ஏதாவது காய்ப்பது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிவு வரைக்கும்தான். முதலில் ஸ்ட்ரோபெரி, பிறகு ராஸ்பெரியும் ரிப்ஸ் என்னும் சிவப்புக் கொத்துப் பழமும், ஜூலை கடைசியிலிருந்து சூல்பேர், காட்டில் புளோபேர் என்னும் நீலப் பழம், எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சிவந்த தித்தபேர். மூன்று மாதத்தில் கிடைப்பதை மீதி ஒன்பது மாதத்துக்கும் நீட்ட வேண்டும். ஆழ்குளிர்ப் பெட்டிகள் வருவதற்கு முன்பு அதற்கு வழி, ஜாமாகக் காய்ச்சுவது, உலர்த்துவது, இல்லையென்றால் சாறாக எடுத்துப் போத்தலில் அடைப்பது.

பழம் பறிக்கக் காசும் தேவையில்லை. நோர்வேயின் 1957ஆம் ஆண்டு வெளிப்புறச் சட்டப்படி, யாருடைய காடானாலும் சரி, அங்கே நடக்கவும் காட்டுப் பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. நாட்டுக் குடியுரிமை எல்லாம் கேட்க மாட்டார்கள். வடக்கே முல்த்தெ என்னும் மஞ்சள் பழத்துக்கு மட்டும் சில இடங்களில் நிலச் சொந்தக்காரருக்குத் தனி உரிமை இருக்கிறது. வெளியே போய் வந்ததும் கால்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தெற்குக் கரையோரப் பகுதிகளில் அது கட்டாயம்.

சாற்றைக் கெடுப்பது யார்?

சூல்பேரை உற்றுப் பார்த்தால் தோலின் மேல் மெல்லிய மங்கல் படிந்திருக்கும். தோலின் மேல் எப்போதும் ஈஸ்ட் இருக்கிறது, பூஞ்சண வித்துகளும் இருக்கின்றன. பழம் முழுதாக இருக்கும் வரை அவற்றால் உள்ளே நுழைவது கடினம். நசித்துச் சாறு எடுத்த கணமே அவற்றுக்கு விருந்து வைத்துவிட்டோம். ஈஸ்ட் சாற்றிலுள்ள சீனியைத் தின்று மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். அறைவெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் நுரை கிளம்பிவிடும். மூடிய போத்தலுக்குள் அந்த வாயு போக வழியில்லை. என் போத்தல்கள் வெடித்ததற்குக் காரணம் அதுதான். பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும், அதனால் அது மேலே மிதந்து படரும்.

பனங்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாளையில் கட்டிய முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் கருப்பநீர் இனிப்பாகவே இறங்கும். சுண்ணாம்பு பூசாவிட்டால் அதே நீர் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டினால் வேலை செய்ய முடிவதில்லை. அதுவும் ஒரு காவல்தான். பெர்ரிச் சாற்றில் சுண்ணாம்பு போட முடியாது. வேறு காவல் தேட வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. இந்தப் பழங்கள் எல்லாம் கடும் புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும்; சூல்பேர்ச் சாற்றில் அது 3ஐ ஒட்டி நிற்கும். உணவுப் பாதுகாப்பில் மிகவும் அஞ்சப்படும் பொட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் பக்டீரியா, பிஎச் 4.6க்குக் கீழே வளராது. ஆகவே பெர்ரிச் சாற்றில் நம்முடைய சண்டை ஈஸ்டோடும் பூஞ்சணத்தோடும் மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு தர்ப்பூசணிச் சாறு, கரட் சாறு எல்லாவற்றையும் இதே முறையில் போத்தலில் அடைத்து வைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றில் அந்தப் புளிப்பு கிடையாது. அவற்றை இப்படி வைப்பது உண்மையிலேயே ஆபத்து.

சீனி காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கை

நான் உட்படப் பலரும் நினைப்பது, சஃப்ட் கெடாமல் நிற்பது சீனியால் என்று. பாதிதான் உண்மை.

சீனி நுண்ணுயிரைக் கொல்வதில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சீனிப் பாகுக்குள் விழுந்த ஈஸ்டின் உடலிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும், அதனால் பெருக முடியாது. தேன் கெடாமல் இருப்பதற்கும் இது முக்கியமான காரணம். ஆனால் அந்த வேலையைச் சீனி தனியாகச் செய்ய வேண்டுமானால், மொத்த எடையில் ஏறக்குறைய 65 வீதம் சீனியாக இருக்க வேண்டும். ஜாம் அப்படித்தான் நிற்கிறது.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு லீட்டர் சூல்பேர்ச் சாறு ஒரு கிலோவைவிடச் சற்று அதிக எடை. அதில் பழத்தின் சொந்தச் சீனியும் புளிப்பும் சேர்ந்து நூறு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அதை 65 வீதத்துக்குக் கொண்டுவர லீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேலாகச் சீனி கொட்ட வேண்டும். எந்த வீட்டுச் செய்முறையிலும் அவ்வளவு கிடையாது. வழக்கமாகச் சொல்வது லீட்டருக்கு 400 கிராம் அளவு. அதைப் போட்டால் 35 வீதத்தை ஒட்டித்தான் வரும். ஈஸ்டுக்கு அது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். சில ஈஸ்ட் வகைகள் அதில் மெதுவாகவும் சந்தோஷமாகவும் வாழும்.

ஆகவே 400 கிராம் போட்டவர்களின் சஃப்ட் ஒரு வருடம் நிற்கிறது என்றால், அதைக் காப்பாற்றியது சீனி அல்ல, சூடு. சீனியின் வேலை வேறு. சாற்றின் கடும் புளிப்பை அது குடிக்கும்படி ஆக்குகிறது. நிறத்தையும் மணத்தையும் பிடித்து வைக்கிறது. போத்தலைத் திறந்த பிறகு பிரிட்ஜில் இரண்டு மூன்று கிழமை நிற்க உதவுகிறது. சீனியைக் குறைத்தால் இவை குறையும். அதாவது நான் சீனியைக் குறைத்தது பெரிய பிழையல்ல. சூட்டை விட்டதுதான் பிழை. ஆறிய சாற்றை ஆறிய போத்தலில் ஊற்றினேனே, அந்த இடத்தில்தான் எல்லாம் போயிற்று.

சூடு என்ற காவல்

பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய் செய்பவர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வைத்து எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அதே ஆண்டு தன் முறையை நூலாகவும் வெளியிட்டார். ஏன் கெடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. காற்றை வெளியேற்றுவதால் என்று எண்ணினார்கள். நுண்ணுயிர்தான் காரணம், சூடு அதைக் கொல்கிறது என்று லூயி பாஸ்டர் காட்டியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. காரணம் தெரியாமலே ஒரு வழி இத்தனை காலம் சரியாக வேலை செய்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பெர்ரிச் சாறு புளிப்பானது என்பதால் நீண்ட நேரம் கொதிக்க வைக்கத் தேவையில்லை. 80 பாகை செல்சியசுக்கு மேலே சில நிமிடம் நின்றால் ஈஸ்ட் இறந்துவிடும், பூஞ்சண வித்துகளில் பெரும்பாலானவையும் இறந்துவிடும். அளவுக்கு மீறிக் கொதித்தால் மணம் போகும், வைட்டமின் சியும் குறையும். கொதி தொடங்கும் நேரம் இறக்குவதே நல்லது. சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருங்கள், விலை அதிகமில்லை. நான் 90 பாகை வரை விடுவேன்.

சாற்றைச் சூடாக்கிக் கொன்றுவிட்டோம், சரி. ஆனால் போத்தலுக்குள்ளே? மூடிக்குள்ளே? கரண்டியில்? புனலில்? அங்கே இருக்கும் ஒரே ஓர் ஈஸ்ட் போதும், இரண்டு மாதத்தில் கோடியாகப் பெருகும். சோப்பில் கழுவிய போத்தல் கண்ணுக்குச் சுத்தம், அவ்வளவுதான். அதனால் போத்தலையும் சூடாக்க வேண்டும். கழுவிய கண்ணாடிப் போத்தல்களை ஈரத்தோடு ஓவன் அடுப்பில் 110 பாகையில் 20 நிமிடம் வையுங்கள். மூடிகளையும் றப்பர் வளையங்களையும் ஓவனில் வைக்காமல் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். சூடான சாற்றைச் சூடான போத்தலில், கழுத்து விளிம்பு வரை ஊற்றி, உடனே மூடுங்கள். குளிர்ந்த போத்தலில் சூடான சாற்றை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும், சாறும் போத்தலின் ஓரத்தில் சட்டென்று ஆறிவிடும்.

மூடியதும் ஒரு துவாயால் பிடித்து ஒரு நிமிடம் சரித்து வைப்பேன், கொதிக்கும் சாறு மூடியின் உட்புறத்தைத் தொட வேண்டும் என்பதற்காக. ஆற ஆறச் சாறு சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியை உள்நோக்கி இழுக்கும். திருகு மூடியின் நடுவில் புடைப்பு இருந்தால் அது கிளுக்கென்று கீழே இறங்கும். இரவில் குசினியிலிருந்து அந்தச் சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்பது எனக்கு மிகவும் பிடிக்கும். மறுநாள் எந்த மூடி இறங்கவில்லையோ அந்தப் போத்தலைப் பிரிட்ஜில் வைத்து முதலில் குடித்துவிடுங்கள்.

நீராவிச் சட்டி

சாறு எடுக்க இரண்டு வழி. பானை ஒன்றே போதும் என்பவர்கள், ஒரு கிலோ சூல்பேருக்கு ஒன்றரைத் தம்ளர் தண்ணீர் விட்டு, பழம் வெடித்துக் குழையும் வரை ஒரு கால்மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டு, மத்தால் நசித்து, சுத்தமான மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடலாம். துணியைப் பிழிந்தால் சாறு கலங்கும். சுவைக்கு ஒன்றும் ஆகாது, எனக்குப் பொறுமை இல்லாத நாட்களில் நானும் பிழிந்துவிடுவேன். பிறகு சாற்றை அளந்து, லீட்டருக்கு 400 கிராம் சீனி சேர்த்து, கரைத்து, 90 பாகைக்கு ஏற்றி, நுரையை அகற்றிப் போத்தலில் அடைக்க வேண்டும்.

மற்றது நீராவிச் சட்டி. நோர்வே, பின்லாந்து, ஜெர்மனி எங்கும் பழைய வீடுகளின் அலுமாரியில் இது ஒன்று இருக்கும். பின்லாந்தில் இதன் பெயர் மெஹுமாயா. பழைய பொருள் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். புதிதாக வாங்கும் அவசியமே இல்லை.

பார்க்க நம்முடைய இட்டலிப் பானையின் அண்ணன் போல இருக்கும். மூன்று அடுக்கு. அடியில் தண்ணீர்ச் சட்டி. நடுவில் சாறு சேரும் பாத்திரம். அதன் மத்தியில் புகைக்கூண்டு போல ஒரு கூம்பு, பக்கத்தில் ஒரு றப்பர்க் குழாய், குழாயில் ஒரு கவ்வி. மேலே துளை போட்ட கூடை, அதில் பழம். தண்ணீர் கொதித்ததும் ஆவி கூம்பு வழியாக ஏறிப் பழத்தைத் தாக்கும். பழம் வெடித்துச் சாறு துளைகளால் சொட்டி நடுப் பாத்திரத்தில் சேரும். பழம் தண்ணீரைத் தொடுவதே இல்லை, பிழியவும் வேண்டாம். சாறு கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும்.

சூல்பேரையும் ரிப்ஸையும் காம்போடு அப்படியே போடலாம். ஐந்து கிலோ பழத்தில் காம்பு கிள்ளிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். இலை, பூச்சி, அழுகிய பழம் மட்டும் பொறுக்கினால் போதும். பூஞ்சணம் பிடித்த பழத்தை 'வேகத்தானே போகிறது' என்று போட்டுவிடாதீர்கள். சுவை முழுவதையும் அது கெடுக்கும். பழத்துக்கு இடையிடையே சீனியைத் தூவலாம், இல்லையென்றால் சாறு வந்த பிறகு கரைக்கலாம். நான் பிறகுதான் சேர்ப்பேன். பழத்தின் புளிப்பு ஒவ்வொரு வருடமும் மாறும், ருசி பார்த்துச் சேர்ப்பதே சரி.

ஆவி வரத் தொடங்கியதிலிருந்து சூல்பேருக்கு ஒரு மணி நேரம், ராஸ்பெரி போன்ற மெல்லிய பழத்துக்கு அரை மணிக்குச் சற்று மேல். அடிச் சட்டியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றினால் சட்டி கருகும், சாறும் கருகல் மணம் பிடிக்கும். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அரை லீட்டர் அளவு சாற்றைக் குழாய் வழியாக எடுத்து மறுபடி பழத்தின் மேலே ஊற்ற வேண்டும். குழாய்க்குள் ஆறிக் கிடந்த சாறு மீண்டும் சூட்டுக்குப் போகும், பாத்திரத்தில் அடியும் மேலும் கலந்து ஒரே அளவாகும். அந்த மூதாட்டி இதை எனக்குக் கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு கிலோ பழத்துக்கு அரை லீட்டரிலிருந்து 600 மில்லி வரை சாறு வரும். பலர் குழாயிலிருந்து நேரே போத்தலுக்கு விடுவார்கள். நான் இன்னொரு பானையில் எடுத்து 90 பாகைக்கு ஏற்றிவிட்டே அடைக்கிறேன். வெடித்த போத்தலைப் பார்த்த பிறகு வந்த பழக்கம்.

சில சமயம் சஃப்ட் போத்தலுக்குள் கூழாக இறுகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. சூல்பேரிலும் ரிப்ஸிலும் பெக்டின் என்ற பிசின் பொருள் நிறைய உண்டு. புளிப்பும் சீனியும் சேர்ந்தால் அது இறுகும், ஜாம் இறுகுவதும் அதனால்தான். முற்றாகப் பழுக்காத பழத்தில் பெக்டின் அதிகம். ஆகவே கறுத்த உடனே பறிக்காமல் ஒரு கிழமை செடியில் விட்டுவிடுங்கள். இறுகிய போத்தலை நன்றாகக் குலுக்கி, சுடுதண்ணீரில் கலந்தால் கரைந்துவிடும்.

சீனியும் வேண்டாம், சூடும் வேண்டாம் என்ற பழம்

எனக்கு எல்லாவற்றிலும் அதிசயமாகப் பட்டது தித்தபேர்தான். சுவீடன்காரர் இதை லிங்கொன் என்கிறார்கள். ஊசியிலைக் காட்டில், முழங்காலுக்கும் கீழே, பாசிக்கு நடுவே சிவப்பு மணிகளாகக் கிடக்கும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து பறிக்கலாம். இந்தப் பழத்துக்குள்ளேயே பென்சோயிக் அமிலம் இருக்கிறது. கடைச் சாற்றுப் போத்தலில் சேர்மானப் பட்டியலில் சோடியம் பென்சோவேட் என்று படித்திருப்பீர்கள். அதே குடும்பம். ஈஸ்டையும் பூஞ்சணத்தையும் தடுப்பது அதன் வேலை. புளிப்பான இடத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். தித்தபேரோ நல்ல புளிப்பு. காவலும் ஆயுதமும் பழத்திடமே இருக்கின்றன.

ஆகவே பழத்தைப் பொறுக்கிக் கழுவி, சுத்தமான கண்ணாடிச் சாடியில் இட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைப் பழம் மூழ்கும் வரை ஊற்றி மூடி, குளிர்ச்சியான இருட்டு மூலையில் வைத்தால் போதும். குளிர்காலம் முழுக்க நிற்கும். சுவீடனில் இதற்கு வாத்லிங்கொன் என்று பெயர், தண்ணீர் லிங்கொன் என்று பொருள். சீனி கைக்கு எட்டாத பொருளாக இருந்த காலத்தில் ஏழை வீடுகளுக்கு இது பெரும் துணை. பழத்தை எடுத்துத் தின்னலாம். மெல்ல இளஞ்சிவப்பாக மாறியிருக்கும் அந்தத் தண்ணீரையும் குடிக்கலாம், கொஞ்சம் தேன் கலந்து.

இதில் தெரிந்துகொண்டதை வேறு பழத்துக்கும் பயன்படுத்தலாம். ராஸ்பெரியோடு கால் பங்கு தித்தபேர் சேர்த்து சஃப்ட் எடுத்தால் கூடுதல் காவல் கிடைக்கும், நிறமும் அழகாக வரும். ஆனால் கால் பங்கு தித்தபேரை மட்டும் நம்பிச் சூட்டை விட்டுவிடக் கூடாது.

ராஸ்பெரிக்குச் சூடு பிடிக்காது. வெந்தால் அதன் மணத்தில் பாதி ஆவியோடு போய்விடும். அதற்காகவே பச்சைச் சஃப்ட் என்று ஒரு முறை உண்டு. இரண்டு கிலோ பழத்தை நசித்து, ஒரு லீட்டர் ஆறிய கொதிநீரில் 30 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து ஊற்றி, பிரிட்ஜில் ஒரு நாள் ஊறவைத்து வடிக்க வேண்டும். லீட்டருக்கு 500 கிராம் சீனி சேர்த்து, சூடாக்காமல் கரையும் வரை கிளற வேண்டும். இங்கே நம்பும் காவல் கூட்டிய புளிப்பும் குளிரும். ஆகவே இதை அலுமாரியில் வைக்க முடியாது. பிரிட்ஜில் சில கிழமை, ஆழ்குளிர்ப் பெட்டியில் அடுத்த கோடை வரை. பிளாஸ்டிக் போத்தலில், விரிவதற்கு மூன்று விரல் இடம் விட்டு உறைய வையுங்கள்.

உண்மையில் ஆழ்குளிர்ப் பெட்டியில் இடம் இருக்கிறவர்கள் எந்தச் சஃப்டையும் சீனி குறைத்து உறைய வைக்கலாம். அதைவிட எளிய வழி கிடையாது. என் வீட்டுப் பெட்டியில் பாதி மீனும் மீதி முருங்கைக்காயுமாக இருப்பதால் எனக்கு அந்த வழி கொஞ்சம்தான் உதவுகிறது.

வைட்டமின் பற்றி

சூல்பேரில் வைட்டமின் சி மிக அதிகம். நூறு கிராம் புதுப் பழத்தில் சுமார் 180 மில்லிகிராம், அதாவது தோடம்பழத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். இரண்டாம் உலகப்போரில் கப்பல் வழிகள் அடைபட்டு பிரிட்டனுக்குத் தோடம்பழம் வருவது அரிதானபோது, அந்த அரசு சூல்பேர்ப் பயிரை ஊக்குவித்தது. சிறு பிள்ளைகளுக்கு அதன் சிரப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்குக் கொடுத்த ரைபீனா அந்தப் பழத்தின் சிரப்தான். ரீபெஸ் நீக்ரும் என்ற அதன் தாவரப் பெயரிலிருந்து வந்தது அந்தப் பெயர். ஊரில் குடித்த பானத்தின் செடியை இங்கே பக்கத்து வேலிக்கு அப்பால் கண்டபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது.

வீட்டுச் சஃப்டில் புதுப் பழத்தில் உள்ள முழு வைட்டமினும் இருக்காது. சூட்டில் ஒரு பகுதி போகும், வெளிச்சத்தில் இன்னும் போகும். இருட்டில் வைத்தால் மீதி அதிக காலம் நிற்கும், நிறமும் பழுப்பாகாது. ஜன்னல் ஓரத்தில் அழகுக்கு அடுக்கி வைக்காதீர்கள். சீனியும் உண்டு என்பதால் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோப்பை போதும்.

திறக்கும்போது

ஒவ்வொரு போத்தலிலும் பழத்தின் பெயர், மாதம், வருடம், சீனி எவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். டிசம்பரில் எல்லாப் போத்தலும் ஒரே நிறமாகத்தான் தெரியும். திறக்கும் முன் மூடியைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, மேலே ஏதாவது மிதந்தாலோ, கள் மணம் வந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே உள்ள பூஞ்சணத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொதிக்க வைத்துக் குடிப்பது கூடாது. பூஞ்சணம் விட்ட நச்சுகளில் சில கொதித்தாலும் போகாது.

நல்ல போத்தல் திறக்கும்போது 'ப்ச்' என்று காற்றை உள்ளே இழுக்கும். வெளியே தள்ளாது. அதுதான் அடையாளம். திறந்ததைப் பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

சூல்பேர் டொடிக்கு ஒரு பங்கு சஃப்டுக்கு நான்கு பங்கு கொதித்து இறக்கிய தண்ணீர். ஒரு துண்டு கறுவா, இரண்டு கராம்பு போடலாம். என் மனைவி இஞ்சியைத் தட்டிப் போடுவார், தடிமனுக்கு இதமாக இருக்கும். பிளாஸ்கில் எடுத்துப் போவதானால் முதலில் வெறும் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்புங்கள், மூன்று மணி நேரம் கழித்தும் ஆவி பறக்கும். வெடித்த வருடத்துக்கு அடுத்த வருடம் நான் போட்டது பதினொரு போத்தல். முதல் பனி விழுந்த அன்று ஒன்றை எடுத்துக்கொண்டு மூதாட்டி வீட்டுக்குப் போனேன். மூடியைத் திறந்து காதருகே வைத்துக் கேட்டார், முகர்ந்தார், லேபலில் 350 கிராம் என்று எழுதியிருந்ததைப் படித்தார். "குறைத்திருக்கிறாய்" என்றார். "90 பாகை" என்றேன். கெட்டிலை அடுப்பில் வைத்தார்.